அண்ணை றைற் சொன்னவர்: இலங்கைத் தமிழ்க் குணச்சித்திர நடிகரின் தொழிலும் வாழ்வும்

1976 இல் வெளிவந்த 'கோமாளிகள்' படத்தின் நடிகர் பட்டியலில் ஒரு வேடிக்கை உண்டு. மரிக்கார் என்ற முஸ்லிம் பாத்திரத்தில் நடித்தவர் எஸ். ராமதாஸ். பூணூல் போட்ட ஐயராக வந்தவர் பி. எச். அப்துல் ஹமீது. தமிழைத் தட்டுத்தடுமாறிக் கதைக்கும் சிங்களவரான உபாலி, எஸ். செல்வசேகரன் என்ற தமிழர். அசல் யாழ்ப்பாணத்தாரான அப்புக்குட்டி, ரி. ராஜகோபால். இந்து முஸ்லிமானார், முஸ்லிம் பிராமணரானார், தமிழர் சிங்களவரானார். பார்த்த சனம் யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயர்கள் நடிகர்களோடேயே ஒட்டிக்கொண்டன. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றால்தான் ஆளைத் தெரியும்.

இது எப்படிச் சாத்தியமானது என்பதற்குப் பதில் படத்தில் இல்லை, அதற்கு முந்திய வானொலித் தொடரில் இருக்கிறது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ் வர்த்தக சேவையில் போன 'கோமாளிகளின் கும்மாளம்' தொடரை ராமதாஸ் எழுதினார், அதே நடிகர்கள் குரல் கொடுத்தார்கள். வானொலியில் தொப்பியும் இல்லை, பூணூலும் இல்லை, சாரமும் இல்லை. ஒரு மனிதர் எந்த ஊர், எந்தச் சமூகம், எவ்வளவு படித்தவர், சட்டைப்பையில் எவ்வளவு இருக்கிறது என்பதையெல்லாம் குரல் மட்டுமே சொல்லியாக வேண்டும். சனம் அந்தக் குரலை நம்பிவிட்டது. பிறகு திரையில் முகம் வந்தபோது முகம் குரலுக்குக் கட்டுப்பட்டது.

இலங்கைத் தமிழின் குணச்சித்திர நடிகர் பிறந்த இடம் படப்பிடிப்புத் தளம் அல்ல, டொறிங்டன் சதுக்கத்து வானொலி நிலையத்தின் ஒலிவாங்கி. இந்தக் கட்டுரையில் நான் நிறுவப் பார்ப்பது இதைத்தான். அதற்கு மிகச் சிறந்த சாட்சி கே. எஸ். பாலச்சந்திரன்.

குணச்சித்திர நடிகர் என்றதும் தமிழ் வாசகருக்கு எஸ். வி. ரங்காராவ் வருவார், டி. எஸ். பாலையா வருவார், எஸ். வி. சுப்பையா வருவார். கதாநாயகனுக்கு ரசிகர் மன்றம் இருக்கும். இவர்களுக்கு இருப்பது நம்பிக்கை. 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லச் சொல்லப் பாலையாவின் முகம் போகும் போக்கைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இந்த நம்பிக்கையை ஒரு விதியாகவே எழுதிவைத்தார். ஹரி டீன் ஸ்டான்ரனோ எம். எமெற் வோல்ஷோ துணைப் பாத்திரத்தில் வரும் எந்தப் படமும் முழுக்க மோசமாக இருக்க முடியாது என்பது அந்த விதி. வோல்ஷ் 2024 இல் இறந்தபோது திரையிலும் தொலைக்காட்சியிலும் அவர் ஏற்ற வேடங்கள் இருநூறைத் தாண்டியிருந்தன. பொலிஸ் அதிகாரி, கூலிக் கொலைகாரன், பயிற்றுநர், பக்கத்து வீட்டுக் கிழவன் என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

இப்படி ஒருவர் ஆயுள் முழுக்கத் துணை வேடத்திலேயே சீவிக்க முடிந்ததற்குத் திறமை மட்டும் காரணமல்ல. ஹொலிவூட்டில் நடிகர்களுக்கு 1933 இலேயே தொழிற்சங்கம் வந்துவிட்டது. 1960 இல் அது வேலைநிறுத்தம் செய்தது. அப்போது சங்கத் தலைவராக இருந்தவர் ரொனால்ட் ரீகன். படம் தொலைக்காட்சியில் மறுபடி காட்டப்படும்போது நடிகருக்கும் ஒரு பங்கு போக வேண்டும் என்ற உரிமையும், ஓய்வூதியமும் மருத்துவ நிதியும் அந்த வேலைநிறுத்தத்தின் பலன்கள். ஐந்து நிமிடம் வந்துபோன நடிகருக்குக்கூடப் பழைய வேலை சோறு போட்டது.

இலங்கைத் தமிழ் நடிகருக்கு இதில் ஒன்றுமே கிடையாது. வானொலியில் ஒரு நாடகத்துக்கு ஒரு கொடுப்பனவு, அத்தோடு கணக்கு முடிந்தது. படமோ ஆண்டுக்கு ஒன்று இரண்டு வந்தால் அதிசயம். ஆகையால் எல்லாரும் பகலில் கந்தோர் உத்தியோகம் பார்த்தார்கள், பின்னேரம் நடிகரானார்கள். சனி ஞாயிறு மேடை. இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன்: நம் நடிகர்களின் பன்முகத் திறமை என்று நாம் பாராட்டுவதில் பாதி, வறுமை கற்றுக்கொடுத்தது. பத்து நடிகர்கள் செய்ய வேண்டிய வேலைக்கு இரண்டு பேர்தான் இருந்தார்கள். அந்த இருவரும் எழுதவும் வேண்டும், பாடவும் வேண்டும், விளம்பரத்துக்குக் குரலும் கொடுக்க வேண்டும். சில்லையூர் செல்வராசனை எடுத்துக்கொள்ளுங்கள். கவிஞர், பத்திரிகையாளர், வானொலி நடிகர், திரைக்கதாசிரியர், விளம்பரக் குரல். வேறொரு நாட்டில் இவை ஐந்து பேருடைய தொழில்கள்.

பாலச்சந்திரன் 1944 ஜூலையில் வடமராட்சியின் கரவெட்டியில் பிறந்தார். அவரும் அரசாங்க உத்தியோகத்தர்தான். எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து இலங்கை வானொலி நாடகங்களில் அவர் குரல் கேட்கத் தொடங்கியது. அவர் வந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு பரம்பரை இருந்தது. 'சானா' என்று எல்லாரும் அழைத்த எஸ். சண்முகநாதன் வானொலி நாடகத்தை ஊர்ப் பேச்சுக்குள் கொண்டுவந்தவர். அவருடைய 'இலண்டன் கந்தையா'வும் இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்' தொடரும் யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பேச்சைக் கொழும்புக் கலையகத்துக்குள் நுழைய விட்டன. அதுவரை நாடகம் என்றால் மேடைத் தமிழ், ராஜபார்ட் முழக்கம். சானாவுக்குப் பிறகு கே. எம். வாசகர், பி. விக்னேஸ்வரன் போன்ற தயாரிப்பாளர்கள் அந்த வழியை அகலப்படுத்தினார்கள்.

வானொலி நாடகத்தின் ஒலிப்பதிவு எப்படி நடக்கும் என்று இன்றைய வாசகருக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரதி றோணியோ பண்ணித் தரப்படும். தாள்களைக் குத்திக் கட்டக்கூடாது. ஒவ்வொரு தாளும் தனித்தனியாகக் கையில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் அதைப் புரட்டினால் சரசரப்பு ஒலிவாங்கியில் விழும். அதனால் முடிந்த தாளைச் சத்தமில்லாமல் கீழே நழுவவிட்டுவிட்டு அடுத்ததை வாசிப்பார்கள். ஓர் ஒலிவாங்கியைச் சுற்றி நாலைந்து பேர். இரகசியம் பேசுகிறவர் கிட்ட வருவார். கோபத்தில் கத்துகிறவர் இரண்டு அடி பின்வாங்கி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அடுத்த அறையிலிருந்து கூப்பிடுகிறவர் சுவரைப் பார்த்துக் கதைப்பார். உடம்பின் தூரம்தான் காட்சியின் ஆழம். இப்படிப் பழகிய நடிகருக்குத் தன் குரலின் அளவு அங்குலக் கணக்கில் தெரியும். பாலச்சந்திரனுக்கும் ராமதாசுக்கும் செல்வசேகரனுக்கும் இருந்த நேரக்கணிப்பு இந்தப் பயிற்சியில் வந்தது. பகிடியை எங்கே நிறுத்த வேண்டும், எதிராளி சொல்லி முடிக்க முதல் எங்கே வெட்ட வேண்டும் என்பதெல்லாம் காதால் கற்ற பாடம்.

'தணியாத தாகம்' அவரை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சில்லையூர் செல்வராசன் திரைப்படத்துக்கென்று எழுதிய பிரதி அது. படமாக்கப்படாமல் புத்தகமாக வந்தது, பிறகு மக்கள் வங்கியின் அனுசரணையில் வர்த்தக சேவையில் தொடர் நாடகமானது. பாலச்சந்திரன், கமலினி செல்வராசன், செல்வராசன் எல்லாரும் அதில் நடித்தார்கள். எடுக்க முடியாத படத்தை வானொலி எடுத்துக்காட்டியது என்பதை நாம் போதிய அளவு யோசிக்கவில்லை. தயாரிப்பாளர் பணம் போட மறுத்த கதையை ஒரு வங்கி விளம்பரத்துக்காக ஏற்றது. யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் சம்பளக் கவலையும் சீதனக் கவலையும் கதையானபோது, அந்தத் தொடர் போகும் நேரத்தில் தெருவில் நடந்தால் ஒரு வீட்டில் விட்ட வசனத்தை அடுத்த வீட்டில் பிடிக்கலாம் என்று அந்தத் தலைமுறை இன்றும் சொல்கிறது. அங்கே பாலச்சந்திரன் பகிடிக்காரர் அல்ல. அழவைத்தவர். அதே ஆண்டுகளில்தான் மேடையில் ஊரைச் சிரிக்கவைத்துக்கொண்டும் இருந்தார்.

அந்தச் சிரிப்பின் பெயர் 'அண்ணை றைற்'.

யாழ்ப்பாணத்து பஸ்ஸில் கொண்டக்டர் டிரைவருக்குக் கொடுக்கும் குரல் அது. எல்லாரும் ஏறியாயிற்று, எடுக்கலாம் என்று அர்த்தம். பாலச்சந்திரனின் தனி நடிப்பில் மேடையில் ஒரே ஆள். பஸ் இல்லை, ஆசனம் இல்லை, பயணிகள் இல்லை. கொண்டக்டரின் வாய்வழியாக மட்டுமே பஸ் நிறைகிறது. இதன் நுட்பம் எங்கே இருக்கிறதென்றால், விளிச்சொற்களில். ஆச்சி என்று கூப்பிட்ட மாத்திரத்தில் கடகத்தோடு ஒரு கிழவி ஏறிவிடுகிறாள். தம்பி என்றால் மிதிபலகையில் தொங்கும் பொடியன். தங்கச்சி என்ற சொல்லில் குழைவு கொஞ்சம் கூடினால் ரியூசனுக்குப் போகும் பெட்டை. ஐயா என்றதும் குரல் ஒரு படி தணிந்தால் வேட்டி சால்வையோடு ஒரு பென்சனியர். பயணி என்ன சொன்னார் என்பது கேட்பவருக்குத் தெரியாது, கொண்டக்டரின் பதிலிலிருந்து கேள்வியைச் சனமே கட்டிக்கொள்கிறது. பஸ் குலுங்கினால் உடம்பு சரிய வேண்டும், சரியும்போதே மிச்சக்காசுத் தகராறும் நடக்க வேண்டும்.

எனக்கு இது வெறும் பகிடியாகப் படவில்லை. 1958 ஜனவரியில் பஸ் சேவை தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்த பிறகு, கொண்டக்டர் என்பவர் கிராமத்துக்குள் புதிதாக முளைத்த ஓர் அதிகாரி. காக்கிச் சட்டையும் அரசாங்கச் சம்பளமும் உண்டு, ஆனால் வயது இருபத்தைந்து. தன்னைத் தூக்கி வளர்த்த ஆட்களைப் பின்னுக்குப் போகச் சொல்லும் உரிமை அவனுக்குக் கிடைத்திருக்கிறது. ஊரின் மரியாதை ஒழுங்கும் பஸ்ஸின் ஒழுங்கும் மோதும் இடத்தில் நின்றுதான் அவன் றைற் சொல்கிறான். சாதியும் வயதும் படிப்பும் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே கம்பியைப் பிடித்துத் தொங்கும் அந்தச் சமூகத்தை நாவலாசிரியர்கள் நானூறு பக்கத்தில் எழுதினார்கள். இவர் சில நிமிடங்களில் நடித்துக் காட்டிவிட்டார். கோயில் திருவிழா, பாடசாலை விழா, கொழும்புக் கதிரேசன் மண்டபம், பின்னாளில் லண்டன், ரொறன்ரோ என்று எங்கே போனாலும் சனம் அதையே கேட்டது. ஒரு நடிகருக்கு இது வரமும்தான், தொல்லையும்தான். அண்ணை றைற் பாலச்சந்திரன் என்ற பெயர் அவர் ஏற்ற கனமான வேடங்களை எல்லாம் பின்னாசனத்துக்குத் தள்ளிவிட்டது.

படங்களுக்கு வருவோம். இலங்கையில் 35 மில்லிமீற்றரில் தமிழ்ப் படம் வரத் தொடங்கியது அறுபதுகளில், 'தோட்டக்காரி'யோடு. அதிலிருந்து எண்பதுகளின் தொடக்கம் வரை வந்தவை முப்பதுக்கும் குறைவு. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்து, இந்தியப் படங்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும் உள்ளூர்த் தயாரிப்பாளர்களுக்குத் துணிவு வந்தது. அந்த ஆண்டிலேயே கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா 'குத்துவிளக்கு' எடுத்தார். வி. பி. கணேசனின் 'புதிய காற்று', பிறகு 'கோமாளிகள்', தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி' என்று வரிசையாக வந்தன. 1978 இல் மட்டும் 'நான் உங்கள் தோழன்', 'வாடைக்காற்று', 'தென்றலும் புயலும்', 'தெய்வம் தந்த வீடு', 'ஏமாளிகள்', 'அநுராகம்' என அரை டசின். ஆனால் அதற்குள் 1977 ஆட்சி மாற்றத்தோடு திறந்த பொருளாதாரம் வந்துவிட்டது. சென்னைப் படங்கள் மறுபடி பெருகின. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் ஓடும் ஊரில் ராமதாசும் பாலச்சந்திரனும் எத்தனை நாள் ஓட முடியும்?

'வாடைக்காற்று' செங்கை ஆழியானின் நாவல். பிரேம்நாத் மொறாயஸ் இயக்கினார். நெடுந்தீவுக் கடற்கரையில் வாடிபோட்டுத் தொழில் செய்யும் மீனவர் கதை. பொப் பாடகர் ஏ. ஈ. மனோகரன், மருத்துவரான இந்திரகுமார், ஆனந்தராணி, சந்திரகலா, கே. ஏ. ஜவாஹர் ஆகியோரோடு பாலச்சந்திரனும் நடித்தார். உப்புக் காற்றும் கட்டுமரமும் ஊர்ப் பேச்சும் உள்ள படம் இது. 'அவள் ஒரு ஜீவநதி', 'நாடு போற்ற வாழ்க', வெகு பிந்தி 1993 இல் 'ஷார்மிளாவின் இதயராகம்' என்று அவர் தொடர்ந்தார். 'ஆதர கதாவ' என்ற சிங்களப் படத்திலும் வந்தார். கமலினி செல்வராசனும் அதில் உண்டு.

இந்தப் படங்களைப் பற்றிய என் மதிப்பீடு கொஞ்சம் கறாரானது. ஒரு சிலவற்றைத் தவிர மற்றவை சென்னையைப் பார்த்து எழுதிய கொப்பி. கதாநாயகன் சென்னைத் தமிழ் பேசுவான், கதாநாயகி சென்னைத் தமிழ் அழுவாள். நடுவில் பகிடிக்காரர் வந்து யாழ்ப்பாணத் தமிழோ கொழும்புத் தமிழோ கதைத்தால் மட்டும் திரையரங்கு உயிர்பெறும். ஊர்ப் பேச்சுக்கு அங்கே கிடைத்த இடம் சிரிப்பு வேடம் ஒன்றுதான். இதன் விளைவு, நம் சினிமாவில் நிலத்தின் குரல் கதாநாயகனிடம் இல்லை, துணை நடிகரிடமே இருந்தது. தம்பிஐயா தேவதாஸ் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை'யில் சிரமப்பட்டுத் திரட்டிய தகவல்களை வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவதும் இதுதான். அந்தப் படங்களின் கதாநாயகர்கள் பெயர் இன்று பலருக்கு நினைவில்லை. மரிக்காரையும் அப்புக்குட்டியையும் யாரும் மறக்கவில்லை. 'பொன்மணி' மட்டும் எதிர்த்திசையில் போன படம். யாழ்ப்பாண வளாகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த சிங்களவரான பத்திராஜ, காவலூர் ராசதுரையின் கதைவசனத்தோடு, நாயக நாயகியர் உட்பட எல்லாரையும் ஊரின் இயல்பில் பேசவிட்டார். படம் ஓடவில்லை.

நான் வசிக்கும் இரத்மலானையில் இந்தக் கதையின் மூன்று துண்டுகள் கிடக்கின்றன. மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று நடந்துபோகக்கூடிய தூரம் என்றே சொல்லலாம். ஒன்று விமான நிலையம். 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோனின் 'சீதா தேவி' என்ற டக்கோட்டா விமானம் இங்கிருந்து கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னை போனது. கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை என்ற அந்தக் கோடுதான் இலங்கைத் தமிழ்க் கலையுலகின் முதுகெலும்பு. படச்சுருள் அந்தத் திசையிலிருந்து வந்தது, நடிக்க ஆசைப்பட்டவர்கள் அந்தத் திசைக்குப் போனார்கள்.

இரண்டாவது, இந்துக் கல்லூரி. 1983 ஜூலை இறுதியில் கொழும்பு எரிந்தபோது இந்தக் கல்லூரியும், அதே விமான நிலையமும் அகதி முகாம்களாயின. வெள்ளவத்தையிலும் கல்கிசையிலும் தெகிவளையிலும் வீடிழந்தவர்கள் விமானக் கொட்டகைத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். பிறகு கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள். வானொலி நாடகத்தைக் கேட்டுச் சிரித்த கொழும்புத் தமிழ்ச் சனம் ஒரே வாரத்தில் கலைந்துபோயிற்று. அதே நாட்களில் வத்தளைப் பக்கம் ஹெந்தளையில் இருந்த விஜயா கலையகமும் எரிக்கப்பட்டது. கே. குணரத்தினம் என்ற தமிழர் கட்டிய கலையகம் அது. சிங்கள சினிமாவின் பெரும் படங்கள் பல அங்கே உருவானவை. எரிந்த சுருள்களில் பெரும்பங்கு சிங்களப் படங்கள்தான் என்பதை எரித்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். குணரத்தினம் 1989 ஓகஸ்டில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியிருந்தது. வானொலி நடிகர்களுக்கு முதல் தடவையாக வீட்டுக்குள் முகம் காட்டும் வாய்ப்பு. விக்னேஸ்வரன் போன்றவர்கள் வானொலியிலிருந்து அங்கே போய்த் தமிழ்த் தொலைக்காட்சி நாடகத்துக்கு அடி போட்டார்கள். பாலச்சந்திரனும் அதில் இருந்தார். ஆனால் பதினெட்டு மாதத்துக்குள் ஜூலை வந்துவிட்டது. ஒரு கலை கால் ஊன்றும் நேரத்தில் அதன் நடிகர்களும் பார்வையாளர்களும் இடம்பெயர்ந்தார்கள். சிங்களத் தொலைநாடகம் அதே எண்பதுகளில் பெரும் வளர்ச்சி கண்டது. தமிழ்த் தொலைநாடகம் எட்டிப்பார்த்த அளவிலேயே நின்றது.

யார் யார் எங்கே போனார்கள் என்று பார்த்தால் ஓர் உலக வரைபடம் கிடைக்கும். மனோகரன் சென்னைக்குப் போய்த் தென்னிந்தியப் படங்களில் பெருந்தொகையான வில்லன், அடியாள் வேடங்களில் வந்தார். ஈழத்துப் பாடகர் என்ற பெயர் இங்கே, முகம் மறக்காத துணை நடிகர் என்ற பெயர் அங்கே. 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். ராமதாசும் சென்னையில்தான் கண்மூடினார். ஆனந்தராணி லண்டனில் க. பாலேந்திராவோடு நாடகத்தைத் தொடர்ந்தார். 'கடமையின் எல்லை', 'நிர்மலா' நாட்களிலிருந்து நடித்துவந்த ஏ. ரகுநாதன் பாரிசில் குறும்படங்களுக்கு முகம் கொடுத்துக்கொண்டிருந்தார். 2020 ஏப்ரலில் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று.

பாலச்சந்திரன் போன இடம் ரொறன்ரோ. அங்கே அவருக்கு வயது ஏறியது, வேடமும் மாறியது. புலம்பெயர்ந்த தமிழ் இளைஞர்கள் கமராவைத் தூக்கிய காலம் அது. அவர்களுக்குத் தகப்பன் வேண்டும், தாத்தா வேண்டும், ஊர்த் தமிழை ஊர்த் தமிழாகவே கதைக்கும் ஒரு மூத்த வாய் வேண்டும். லெனின் எம். சிவம் இயக்கி 2009 இல் வந்த '1999' ரொறன்ரோத் தமிழ் இளைஞர் குழுச் சண்டைகளைப் பற்றியது. அதில் பாலச்சந்திரன் நடித்தார். கனடாவில் எடுக்கப்பட்ட வேறு பல தமிழ்ப் படங்களிலும் அவரைக் காணலாம். அதே 2009 இல் சென்னையில் வடலி பதிப்பகம் அவருடைய 'கரையைத் தேடும் கட்டுமரங்கள்' நாவலை வெளியிட்டது. வடமராட்சிக் கடற்கரை மனிதர்களின் பேச்சை அவர் அதில் எழுதியிருக்கும் விதம், இது காதால் எழுதும் ஆளின் வேலை என்று காட்டிக்கொடுக்கும். கலை நினைவுகளை 'நேற்றுப் போல இருக்கிறது' என்ற நூலாக்கினார். 2014 பெப்ரவரி 26 ஆம் திகதி ரொறன்ரோவில் இறந்தார். வயது அறுபத்தொன்பது.

இங்கே ஒரு சிங்கள நடிகரைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன். டி. ஆர். நாணயக்கார, லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிசின் 'ரேகாவ'விலிருந்து எண்பதுகள் வரை எண்ணற்ற துணை வேடங்களில் வந்தவர். ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் 1983 இல் 'இந்தியானா ஜோன்ஸ்' வரிசையின் இரண்டாம் படத்துக்காகக் கண்டிப் பக்கம் வந்தபோது கிராமத்துப் பூசாரி வேடத்துக்கு அவரைத் தெரிவுசெய்தார். நாணயக்காரவுக்கு ஆங்கிலம் வராது. கமராவுக்குப் பின்னால் நின்று ஸ்பீல்பேர்க் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவர் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொன்னார். வசனங்களுக்கிடையில் விழுந்த அந்த இடைவெளிகளைப் படம் பார்த்த உலகம் ஞானியின் நிதானம் என்று எடுத்துக்கொண்டது. பொருள் தெரியாத மொழியையும் காதில் வாங்கி மரியாதையோடு திருப்பித் தரக்கூடிய தேர்ச்சி அது. ஒலிவாங்கிக்கு முன்னால் அப்துல் ஹமீது ஐயரானதும் செல்வசேகரன் உபாலியானதும் இதே இனத்து வித்தைதான்.

இரத்மலானையின் மூன்றாவது துண்டு மகாராஜா நிறுவனத்தின் ஸ்டெயின் கலையகம். 1998 இல் வந்த சக்தி தொலைக்காட்சி உட்பட அந்நிறுவனத்தின் அலைவரிசைகளுக்கு நிகழ்ச்சிகள் இங்கே பதிவாகின்றன. பெரிய கலையகம், நல்ல ஒளியமைப்பு. பாட்டுப் போட்டி நடக்கிறது, அரசியல் விவாதம் நடக்கிறது. தமிழ் நாடகத்துக்கு வேண்டியது வெளியே இருந்து வருகிறது. பின்னேரம் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் நடந்தால் எல்லா வீட்டிலும் சென்னைச் சீரியல்தான் கேட்கும். சீரியல் பார்ப்பவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. வாரம் ஐந்து நாள், ஆண்டுக் கணக்கில் ஓடும் தொடரை இறக்குமதி செய்வதற்கு ஆகும் செலவில் இங்கே ஒரு மாதத்துக்கான நாடகம்கூட எடுக்க முடியாது. கணக்குப் பார்க்கிறவர் வேறு என்ன செய்வார்?

ஆகவே அடுத்த தலைமுறைத் தமிழ் நடிகர் வேறு வாசலால் வர வேண்டியிருந்தது. தர்ஷன் தர்மராஜ் சபரகமுவவின் றக்குவானையில் பிறந்த தமிழர். அவர் பயின்றது சிங்களத் தொலைநாடகத்திலும் சிங்கள சினிமாவிலும். 2008 இல் 'பிரபாகரன்' என்ற சிங்களப் படம், பிறகு பல இயக்குநர்களிடம் பல வேடங்கள். போருக்குப் பிந்திய சிங்கள சினிமாவுக்குத் தமிழ்ப் பாத்திரம் தேவைப்பட்டபோதெல்லாம் அவர் அழைக்கப்பட்டார். புலி உறுப்பினர், தோட்டத்து இளைஞன், கைதி. இந்த வார்ப்புக்குள் அடைபட்டுப்போகாமல் அவர் ஒவ்வொன்றுக்கும் தனி நடை கொடுத்தார். சிங்களவராகவும் நடித்தார். உபாலிக்குச் செல்வசேகரன் கொடுத்த தடுமாற்றம் இவருக்குத் தேவைப்படவில்லை. இவர் சிங்களம் பேசினால் வேற்று வாடை அடிக்காது.

அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' 2012 இல் கான் விழாவின் அசிட் பிரிவில் திரையிடப்பட்டது. புனர்வாழ்வு முடிந்து யாழ்ப்பாணத்துக் கிராமத்துக்குத் திரும்பும் முன்னாள் போராளியாகத் தர்ஷன். சுபாஷினி பாலசுப்பிரமணியமும் நிரஞ்சனி சண்முகராஜாவும் உடன் நடித்தார்கள். ஊர் அவனை வரவேற்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. பார்க்கிறது. அந்தப் பார்வையின் கீழ் ஒருவன் எப்படி நடப்பான், வேலை கேட்டு எப்படி நிற்பான் என்பதைத் தர்ஷன் தோளாலும் கழுத்தாலும் நடித்திருக்கிறார். வாயால் நடித்த பரம்பரைக்கு நேர் எதிரான நடிப்பு. யாழ்ப்பாணத் தமிழின் நெளிவுகள் அவருக்குப் பிறவியில் வந்தவை அல்ல. அதை மறைக்க அவர் குரலைக் கட்டிவைத்தாரோ என்றுகூட நான் நினைத்ததுண்டு. எப்படியானாலும் அந்தக் கட்டுப்பாடு பாத்திரத்துக்குப் பொருந்திவிட்டது, போரிலிருந்து மீண்டவன் அதிகம் கதைக்க மாட்டான்.

2018 இல் கிங் ரட்ணம் இயக்கிய 'கோமாளி கிங்ஸ்' வந்தது. தலைப்பே பழைய கோமாளிகளுக்கு வைத்த கும்பிடு போலிருக்கும். தர்ஷன் அதிலும் இருந்தார், கொழும்புத் தமிழர் திரையரங்குக்குப் போய்க் கொழும்புத் தமிழைக் கேட்டார்கள். 2022 ஒக்டோபர் 2 ஆம் திகதி மாரடைப்பில் அவர் இறந்தார். வயது நாற்பத்தொன்று. பாலையாவோ ரங்காராவோ, வோல்ஷோ அந்த வயதோடு நின்றிருந்தால் நாம் இன்று மெச்சும் வேடங்களில் பெரும்பாலானவை இருந்திருக்காது. குணச்சித்திர நடிகரின் நல்ல காலம் நாற்பதுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. வடக்கின் திரையரங்குகளில் சிங்களப் படம் போடுவது அரிது என்பதால், தர்ஷன் செய்து முடித்த வேலையில் பாதியை அவருடைய தாய்மொழிக்காரர்கள் பலர் இன்னும் பார்க்கவில்லை.